ஹாலில் ஒரு கட்டில்: புதுக்குடித்தனக்காரர்களுக்குப் பன்னிரண்டு யோசனைகள்

எங்கள் சிவகாசிப் பக்கத்துப் பழைய வீடுகளின் முன்னறையில் கட்டில் கிடந்து நான் பார்த்ததில்லை. அந்த அறை வேலை நடக்கிற இடமாக இருந்தது. 1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு தெருத்தெருவாகப் பெண்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்கள், சட்டத்தில் குச்சி அடுக்கினார்கள். காயப்போட்ட பெட்டிகளுக்கு நடுவே கால் வைத்து நடக்கவே இடம் பத்தாது. படுக்கையெல்லாம் வெளியேதான்: திண்ணையில், வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில், கோடை வந்தால் மொட்டை மாடியில்.

இன்றைக்குப் பெட்டியை மெஷின் செய்துவிடுகிறது. திண்ணையை இடித்து அந்த இடத்தில் பைக் நிறுத்துகிறோம். வேப்பமரம் ரோட்டுக்குப் போய்விட்டது. ஆனால் பகலில் அசந்து வருகிற உடம்பு மட்டும் அப்படியேதான் இருக்கிறது. வெளியே கிடந்த கட்டிலை உள்ளே கொண்டுவந்து போடவேண்டிய காலம் இது. பகலில் உட்காரவும், அலுத்தால் சாயவும், விருந்தாளி வந்தால் இரவில் படுக்கவும் ஆகிற மாதிரி ஹாலில் ஒரு கட்டில். கடையில் திவான் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் என்று இந்த வட்டாரத்தில் புதிதாகப் பால் காய்ச்சிக் குடிவருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு கட்டிலைப் பாருங்கள்

கடைக்குக் கிளம்புமுன், நம் வீட்டில் பகலில் படுக்கவேண்டிய ஆள் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலியோடு நடக்கிற மாமியாரா? பிள்ளை உண்டாகியிருக்கிற மகளா? பட்டாசு ஆலைக்கு விடியுமுன் கிளம்பிச் சாயங்காலம் திரும்புகிற வீட்டுக்காரரா? ஆளுக்குத் தகுந்த மாதிரி எல்லாமே மாறும். வயதானவருக்கு வாசலும் தெரியவேண்டும், அடுப்படிப் பேச்சும் காதில் விழவேண்டும். பேச்சுக்கு நடுவே இருப்பதுதான் அவருக்கு மருந்து. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க அகலம் வேண்டும், 3 அடிக்குக் குறைந்தால் கஷ்டப்படுவாள். ஆஃப்செட் அச்சகத்தில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஹால் கட்டில் ஒத்துவராது. அவருக்கு இருட்டும் அமைதியும் வேண்டும், உள்ளறையை விட்டுக்கொடுங்கள். ஆள் தெரியாமல் வாங்கிய கட்டிலில் ஆறு மாதத்தில் துணி மூட்டைதான் படுத்திருக்கும்.

2. கோலப்பொடியால் தரையில் வரைந்து பாருங்கள்

ஷோரூமில் சின்னதாகத் தெரிகிற கட்டில் நம் ஹாலுக்குள் வந்ததும் யானை மாதிரி நிற்கும். அதனால் டேப்பை எடுத்து அளந்து, கட்டில் வரப்போகிற இடத்தில் 6 அடி நீளம், 2½ அடி அகலத்துக்குக் கோலப்பொடியால் ஒரு கட்டம் போடுங்கள். இரண்டு நாள் அந்தக் கோட்டை மிதிக்காமல் நடமாடுங்கள். குடம் தூக்கிக்கொண்டு போங்கள், பைக்கை உள்ளே ஏற்றுங்கள், பீரோக் கதவைத் திறந்து மூடுங்கள். கோடு எங்கே அழிகிறதோ அங்கே கட்டில் இடிக்கும் என்று அர்த்தம்.

ஆள் நடக்க 2½ அடி வழி விட்டாகவேண்டும். 10-க்கு 12 அடி ஹாலில் 2½ அடி அகலக் கட்டில் தாராளமாகப் பிடிக்கும். 3 அடிக் கட்டிலும் பிடிக்கும், ஆனால் அதோடு சோபா செட்டும் வேண்டும் என்றால் இரண்டும் கெடும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டுகிற வீடு மொத்தமே 360 சதுர அடி. அப்படிப்பட்ட வீட்டில் சோபாவையே விட்டுவிடுங்கள். ஒரு கட்டில், இரண்டு பிளாஸ்டிக் சேர் போதும். சோபாவில் மூன்று பேர் உட்காரலாம், ஒருவர்கூட ஒழுங்காகப் படுக்கமுடியாது. கட்டிலில் நாலு பேர் உட்காரலாம், ஒருவர் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம்.

வாசல் கதவின் அகலத்தையும் மறக்காமல் அளந்துகொள்ளுங்கள். காலைக் கழற்றி மாட்ட முடியாத கட்டில் தெருவிலேயே நின்றுவிடும்.

3. வெயில் குடிக்கிற சுவரை விட்டு விலக்கிப் போடுங்கள்

நம்முடையது கரிசல் காடு. கோடையில் மேற்குச் சுவர் மத்தியானம் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சட்டென்று எடுத்துவிடுவீர்கள். அதை ஒட்டிக் கட்டில் போட்டால் படுத்தவர் புரண்டு புரண்டு எழுந்துவிடுவார். வடக்குச் சுவரோ, அடுத்த வீட்டை ஒட்டிய நிழல் சுவரோ நல்லது. வேறு வழியில்லாமல் மேற்குச் சுவர்தான் என்றால் கட்டிலைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டு, வெளிப்பக்கம் வெள்ளை அடித்துவிடுங்கள்.

ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். மேற்கு ஜன்னலுக்கு நேர் கீழே கட்டில் கிடந்தால் விரிப்பெல்லாம் மண்ணாகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது அந்தப் பக்கத்து ஜன்னலில் சாரல் வரும். ஜன்னலுக்கு நேர் கீழே போடாமல், ஜன்னலுக்குப் பக்கத்தில் போடுவது இரண்டு காலத்துக்கும் சரிப்படும்.

ஃபேன் ஹாலின் நடுவில் தொங்கும், கட்டில் சுவரோரம் கிடக்கும், படுத்தவருக்குக் காற்று எட்டாது. வயரிங் நடக்கும்போதே கட்டில் இடத்துக்கு மேலே ஒரு சுவர் ஃபேனுக்கும் ஒரு பிளக்குக்கும் சொல்லிவைத்துவிடுங்கள். வடக்கே தலை வைக்காதே என்று பெரியவர்கள் சொல்வார்கள், அவர்கள்தான் படுக்கப்போகிறவர்கள். தலைமாடு கிழக்கிலோ தெற்கிலோ வருகிற மாதிரி போட்டுவிட்டால் வீட்டில் வாக்குவாதம் இராது.

4. உயரத்தை முழங்காலோடு சேர்த்து அளங்கள்

கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதியவேண்டும். நம் ஊர்ப் பெரியவர்களில் பலருக்கு மெத்தையோடு சேர்த்து 17, 18 அங்குலம் சரியாக இருக்கும். அதைவிடத் தாழ்ந்தால் எழுந்திருக்கும்போது முழங்கால் கத்தும். உயர்ந்தால் கால் தொங்கித் தொடையில் ரத்த ஓட்டம் கட்டும். கடையில் கட்டிலின் உயரத்தை மட்டும் சொல்வார்கள். 18 அங்குலக் கட்டிலில் 4 அங்குல மெத்தை போட்டால் 22 அங்குலம் ஆகிவிடும், குள்ளமான பாட்டி ஏறவே முடியாது. ஆசாரியிடம் சொல்லிச் செய்வதானால், மெத்தையின் கனத்தை முதலில் சொல்லி, உட்காரப் போகிறவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து கொடுங்கள். அந்த அளவே கட்டிலின் மொத்த உயரம். தலைமாட்டுப் பக்கம் கையால் பிடித்து எழ ஒரு சட்டம் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். முதுமைக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

5. மரமானால் காய்ந்த மரம், இரும்பானால் வட்டமான முனை

தேக்கு வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வேம்பு, பூவரசு, வாகை எல்லாமே நல்ல மரங்கள்தான். காய்ந்திருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். நம் வறண்ட காற்று பச்சை மரத்தைப் பங்குனி, சித்திரையில் இழுத்துச் சுருக்கிவிடும். கட்டில் முறுக்கிக்கொள்ளும், பூட்டெல்லாம் ஆடும், புரண்டு படுத்தால் கிறீச்சென்று கத்தும். தீபாவளி போனஸ் கையில் இருக்கிறது, ஆலையும் சில வாரம் மூடியிருக்கிறது என்று மழைக்காலத்தில் அவசரப்பட்டுச் செய்யக் கொடுக்காதீர்கள். அப்போது மரத்தைப் பார்த்துப் பேசி அட்வான்ஸ் கொடுத்து வையுங்கள். தை பிறந்து ஈரம் வற்றியபின் அறுத்துச் செய்யட்டும்.

சட்டத்தின் முனை காலுக்குள் இறங்கி, ஆப்பு அடித்து இறுக்கிய கட்டில் பேரன் காலம் வரை நிற்கும். ஆணியை மட்டும் நம்பிய கட்டில் நாலு வருஷம்கூடத் தாங்குவது அபூர்வம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைக் கட்டில் மலிவாகக் கிடைக்கும். தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற நம் தரையில் அதன் கால் ஊறி உப்பிவிடும், வாங்காதீர்கள்.

பழைய மரச்சாமான் பிடிக்குமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த கட்டிலும் பெஞ்சும் கிடைக்கும். போகும்போது அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள். அந்த வீடுகளின் அளவு வேறு, நம் வீட்டின் அளவு வேறு.

இரும்புக் கட்டில் வெல்டிங் பட்டறையில் அடித்துத் தருவார்கள். கரையான் அண்டாது. முனைகளை வளைத்துத் தரச் சொல்லுங்கள், கால்களுக்கு ரப்பர் புஷ் போடச் சொல்லுங்கள். கூரான முனை குழந்தையின் நெற்றி உயரத்தில்தான் இருக்கும்.

6. பனைநார்க் கட்டிலை ஒரு தடவை படுத்துப் பாருங்கள்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் மண்ணின் பொருள். பனை மட்டையை ஊறவைத்து, அதிலிருந்து நாரை உரித்து எடுத்துக் காயவைப்பார்கள். பின்னும்போது நாரின்மேல் தண்ணீர் தெளித்துப் பதமாக்கிக்கொள்வார்கள். காய்ந்த நார் ஒடியும், ஈர நார் வளையும். ஈரத்தில் பின்னி முடித்து வெயிலில் போட்டால் நார் சுருங்கி, பின்னல் தானாக இறுகும். புதுக் கட்டிலைக் கையால் தட்டினால் மேளம் மாதிரி டங்கென்று கேட்கவேண்டும், அதுதான் நல்ல பின்னலுக்கு அடையாளம். விளிம்பில் நார் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். நீட்டியிருந்தால் சேலையை இழுக்கும், தோலைக் கீறும்.

இதன் குணம் என்னவென்றால், முதுகுக்குக் கீழேயும் காற்று போகும். சித்திரை வெயிலில் பஞ்சு மெத்தையில் படுத்தவரின் முதுகு நனைந்திருக்கும், பனைநாரில் படுத்தவரின் முதுகு காய்ந்திருக்கும். முதுகுவலிக்காரர்களும் தொய்யாத நார்க்கட்டிலை விரும்புகிறார்கள்.

குறையும் சொல்லவேண்டும். படுக்கச் சுகம், உட்கார அவ்வளவு சுகமில்லை. ஓரத்தில் உட்கார்ந்தால் சட்டம் தொடையில் அழுத்தும். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்னல் தொய்ந்தால், முழங்கால் வலிக்காரர் அந்தக் குழியிலிருந்து எழமுடியாது. ஹாலில் போடுவதானால் பகலில் 2 அங்குல மெத்தையோ, நாலாக மடித்த ஜமுக்காளமோ விரித்துவையுங்கள், படுக்கும்போது எடுத்துவிடலாம். கயிற்றுக் கட்டிலானால் கால்மாட்டில் இழுத்துக் கட்டுகிற கயிறு இருக்கும், தொய்யத் தொய்ய அதை இறுக்குங்கள். நார் பின்னலைத் தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டுப் பயன்படுத்தினால் ஒரே இடம் தொய்யாது.

பின்னத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பனங்காட்டு ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பேரம் பேசிக் கூலியைக் குறைக்காதீர்கள். நார் உரித்த கையைப் பார்த்தால் உங்களுக்கே பேரம் பேச மனசு வராது.

7. மெத்தைக்கு இலவம்பஞ்சு, அதற்கு வெயில்

போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவம்பஞ்சுக்குப் பேர்போனது, நமக்குத் தூரமுமில்லை. பஞ்சை எடை போட்டுத்தான் விற்பார்கள். ஒரு பிடி எடுத்து அழுத்திவிட்டு விடுங்கள். நல்ல பஞ்சு உடனே மேலே எழும்பும், கையில் பளபளப்பு தெரியும். கழிவுப் பஞ்சு கலந்திருந்தால் உருண்டை உருண்டையாக நிற்கும். கொட்டை நீக்கியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் கண்ணெதிரே அடைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

ஹால் கட்டிலுக்கு 3, 4 அங்குல மெத்தை போதும். அதற்குமேல் போனால் உட்கார்ந்தவர் அமுங்கிப்போவார். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை மொட்டை மாடி வெயிலில் போட்டு, இரண்டு பக்கமும் திருப்பி, பிரம்பால் தட்டுங்கள். இந்த வெயிலைத் திட்டாதவர் நம் ஊரில் இல்லை, மெத்தைக்கு மட்டும் அது வரம். கட்டி தட்டிய மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, மறுபடி தைக்கலாம். ரப்பர் ஃபோம் மெத்தையில் அந்த வசதி கிடையாது, வெயிலில் போட்டால் பொடிந்துவிடும்.

கோடையில் மெத்தையின்மேல் ஒரு பத்தமடைப் பாய் விரித்துக்கொள்ளுங்கள். கோரைப்பாய் உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்காது.

8. திண்டு இல்லாத திவான் முதுகைக் கெடுக்கும்

நாற்காலியில் நாம் சாய்வது 18, 20 அங்குல ஆழத்தில். கட்டிலோ 30 அங்குலம். பின்னால் திண்டு இல்லாவிட்டால் சுவரில் சாய்வதற்குள் கால் தரையை விட்டு எழும்பிவிடும், முதுகு வளைந்துவிடும். மீதி 10 அங்குலத்தை நிரப்புகிற மாதிரி உருண்டைத் திண்டு இரண்டு, அல்லது நீளத் திண்டு ஒன்று போடுங்கள். அதையும் பஞ்சால் இறுக்கமாக அடைக்கச் சொல்லுங்கள். அமுங்குகிற திண்டு வெறும் அலங்காரம்.

விரிப்புக்குப் பவானி ஜமுக்காளம் மாதிரி உழைக்கிற துணி வேறில்லை. துவைக்கத் துவைக்க மெதுவாகும். சென்னிமலை, கரூர் பெட்ஷீட்டுகளும் நன்றாக உழைக்கும். பருத்தியாகவே வாங்குங்கள். பாலியஸ்டரும் ரெக்ஸினும் நம் சூட்டில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். விரிப்பு தரையைத் தொடுகிற மாதிரி தொங்கவேண்டாம். ஏன் என்று பதினோராவது யோசனையில் சொல்கிறேன்.

9. கட்டிலுக்கு அடியில் பட்டாசு வைக்காதீர்கள்

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நமக்குச் சொல்லியாகவேண்டும். பெட்டி வைத்த திவான் வாங்குகிறோம், உள்ளே இடம் இருக்கிறது. தீபாவளிக்கு ஆலையில் கொடுத்த பட்டாசில் மிச்சம் இருக்கிறது. சொந்தக்காரர் வந்தால் கொடுக்கலாம் என்று பெட்டிக்குள் தள்ளிவிடுகிறோம். அதன் மேலே இலவம்பஞ்சு மெத்தை. இலவம்பஞ்சு பொறி பட்டால் நொடியில் பிடிக்கிற பஞ்சு. அந்த மெத்தையின்மேல் பிள்ளை தூங்குகிறது.

ஒரு சரம்கூட வேண்டாம். கம்பி மத்தாப்புக்கூட வேண்டாம். திரி, மருந்து, வெறும் குழாய் என்று எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை பார்க்கவேண்டாம். வீட்டில் பட்டாசு செய்வது சட்டப்படி குற்றம், அதைவிட அது உயிரோடு விளையாடுவது. எத்தனை தெருவில் ஒப்பாரி கேட்டிருக்கிறோம்! அதற்குப் பிறகும் கூலி கூடக் கிடைக்கிறது என்று யாராவது வந்து கேட்டால், எங்கள் வீட்டு ஹாலில் ஆள் படுக்கிறார்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

பெட்டிக்குள் தலையணை, போர்வை, கூடுதல் பாய், பிள்ளைகளின் பழைய புத்தகம் வையுங்கள். காற்றுப் போகப் பக்கவாட்டில் ஓட்டை போடச் சொல்லுங்கள்.

10. குளித்துவிட்டுத்தான் படுக்கவேண்டும்

ஆலையிலிருந்து வருகிறவர்களின் கையும் முகமும் அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளி மாதிரி மினுங்கும். நகக்கண்ணில் கந்தகம் இருக்கும். அசதியில் வந்ததும் கட்டிலில் விழவே தோன்றும். ஆனால் அந்தத் தூள் விரிப்பில் இறங்கி, மெத்தையில் இறங்கி, அடுத்து அதில் தவழ்கிற குழந்தையின் வாய்க்குள் போகும். மருந்துத் தூள் ஏறிய துணியில் தீப்பொறி பட்டால் சாதாரணத் துணியைவிட வேகமாகப் பிடிக்கும்.

அதனால் வீட்டின் முறையை இப்படி வையுங்கள். கொல்லைப்பக்கமோ வாசல் ஓரமோ ஒரு கொடியும் ஒரு வாளித் தண்ணீரும். வேலைத்துணி அங்கேயே கழன்று, தனி வாளியில் ஊறட்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்து, சுத்தமான கைலியோ நைட்டியோ மாற்றியபின் கட்டில். அதுவரை உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாசலில் கிடக்கட்டும். வருகிறவருக்கு வெந்நீரைத் தயாராக வைத்திருந்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கண்டித்துச் சொல்வதைவிடக் காத்திருக்கும் வெந்நீர் நன்றாக வேலை செய்யும்.

11. மூட்டைப்பூச்சி, கரையான், கொசு

மூட்டைப்பூச்சி கட்டிலின் பூட்டுகளிலும் பின்னலின் முடிச்சுகளிலும் குடியிருக்கும். 50 டிகிரிக்கு மேல் சூடு போனால் தாங்காது. கொதிக்கிற வெந்நீரைப் பூட்டுகளில் ஊற்றிவிட்டு, சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிறுத்துங்கள். முட்டை பொரிந்து மிச்சம் வரும் என்பதால் பத்து நாள் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள். பழைய கட்டில் வாங்கினால் இதைச் செய்யாமல் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

கரையான் சுவர் வழியாகவும் ஏறும், தரை வழியாகவும் ஏறும். மரக்கட்டில் சுவரைத் தொடவேண்டாம். கால்களுக்கு அடியில் கல்துண்டு வையுங்கள். மாதம் ஒருமுறை கட்டிலை நகர்த்திப் பின்பக்கம் பாருங்கள், மண்கோடு தெரிந்தால் உடனே சுரண்டிவிடலாம்.

தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்துவைக்கிற ஊர் என்பதால் கொசு உண்டு. கொசுவர்த்தியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். தொங்குகிற விரிப்பின் நுனி அதில் பட்டுப் புகையும், இலவம்பஞ்சு பிடித்துக்கொள்ளும். கொசுவலை கட்டுங்கள். சுவரில் இரண்டு, எதிர்ச்சுவரில் இரண்டு கொக்கி போட்டால் பகலில் சுருட்டி மேலே மாட்டிவிடலாம்.

12. யார் படுக்கலாம் என்பதில் நியாயம் வேண்டும்

கட்டில் வந்துவிட்டது, விரிப்பும் திண்டும் வந்துவிட்டன. இனி அதைப் புழங்குகிற முறை. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகருக்கும், ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கும் சொந்தபந்தம் வரும்போது அந்தக் கட்டில் வயதில் மூத்தவருக்கு. அன்றைக்கு இளையவர்கள் பாயில். இது சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆம்பளை பகலில் ஹாலில் கால் நீட்டிப் படுத்தால் வேலை அலுப்பு என்கிறோம். வீட்டுப் பெண் படுத்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறோம், அல்லது விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன படுக்கை என்கிறோம். விடியுமுன் எழுந்து, சோறு பொங்கிக் கட்டி, ஆலை வண்டியைப் பிடித்து, உட்கார்ந்த இடத்தில் நாள் முழுக்கக் குழாய் உருட்டி, திரும்பி வந்து மறுபடி அடுப்பைப் பற்றவைக்கிறவள் அவள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் ஒளிந்து படுக்கவேண்டிய குற்றம் எதையும் அவள் செய்யவில்லை. ஃபேன் காற்று வருகிற, நல்ல சுவரோரம் போட்ட அந்தக் கட்டில் அவளுக்கும் உரியது. மருமகளே, நீங்களாகக் கேட்கத் தயங்குவீர்கள். அதனால் மாமியார்களுக்குச் சொல்கிறேன்: சாயங்காலம் அவள் குளித்து வந்ததும், "செத்த நேரம் சாஞ்சுக்கோம்மா, உலையை நான் பாத்துக்கிறேன்" என்று நீங்கள் சொல்லுங்கள். வாசலில் யார் வந்தாலும் அவள் பதறி எழவேண்டாம். தம்பிமாரே, நீங்களும் டீவியின் சத்தத்தைக் குறையுங்கள், துவைத்த துணியை மடிக்காமல் கட்டிலில் குவிக்காதீர்கள். மடித்துவைக்கிற வேலையும் உங்களுடையதுதான்.

கட்டிலுக்குப் பணம் சேர நாளாகும். அதுவரை சும்மா இருக்கவேண்டாம். கோலப்பொடியால் போட்ட அந்தக் கட்டத்துக்குள் ஒரு கோரைப்பாய், ஒரு தலையணை இன்றைக்கே போடுங்கள். அந்த இடத்தில் துணி, பை, சாமான் எதுவும் வைக்கக்கூடாது என்று வீட்டில் எல்லாரும் பேசி முடிவு செய்யுங்கள். வெயில் எங்கே விழுகிறது, காற்று எப்படி வருகிறது, யார் அடிக்கடி சாய்கிறார்கள் என்று அந்தப் பாயே உங்களுக்குச் சொல்லிவிடும். பிறகு ஆசாரியிடம் போகும்போது எதைக் கேட்கவேண்டும் என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.